பேருந்து நிலையத்தில் கூடிய காய்கறிச் சந்தை: பெருந்தொற்று நம் ஊர்களின் அமைப்பில் எதை விட்டுச் சென்றது?

மஞ்சக்குப்பத்தார் எழுதியது:

2020ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் காய்கறிக் கடைகளைப் புதிய பேருந்து நிலையத்துக்கு மாற்றினார்கள். பேருந்துகள் ஓடாத காலம் என்பதால் இடம் காலியாகக் கிடந்தது. கடலூரில் இருக்கும் நான் அதை நேரில் பார்க்க வழியில்லை. இரு பக்கமும் எல்லையை அடைத்திருந்தார்கள். என் தங்கை மகன் அனுப்பிய படங்களில், பயணிகள் நிற்கும் இடத்தில் வெங்காய மூட்டைகளும், அவற்றுக்கு முன்னால் தரையில் வரைந்த வட்டங்களுக்குள் ஆட்கள் தள்ளித் தள்ளி நிற்பதும் தெரிந்தன. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் உழவர் சந்தைகளைப் பள்ளி மைதானங்களுக்கும் பேருந்து நிலையங்களுக்கும் அப்படித்தான் கொண்டு சென்றார்கள்.

ஒரு சந்தையின் நெரிசல் எவ்வளவு தொலைவு எட்டும் என்பதை எங்கள் மாவட்டம் அந்த மே மாதத்தில் கண்டது. கோயம்பேட்டில் வேலை செய்த நம் பக்கத்துச் சுமைதூக்குவோரும் கடைப்பணியாளர்களும் ஊர் திரும்பியபின், மே 4ஆம் தேதி ஒரே நாளில் கடலூர் மாவட்டத்தில் 122 பேருக்குத் தொற்று உறுதியானது. மறுநாளே கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி மொத்த வணிகம் திருமழிசைக்குப் போயிற்று. சென்னையின் பழைய காய்கறிச் சந்தையான கொத்தவால் சாவடியின் நெரிசல் தாங்காமல்தான் 1996இல் ஏறத்தாழ 295 ஏக்கரில் கோயம்பேடு வளாகத்தையே திறந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டால், இடப்பரப்பு மட்டும் நெரிசலைத் தீர்ப்பதில்லை என்பது விளங்கும்.

சென்ற வாரம் பெரிய மார்க்கெட்டுக்குள் போயிருந்தேன். காய்கறிப் பகுதியின் உட்சந்தில் எதிரே ஒருவர் கூடையுடன் வந்தால் நாம் ஏதாவது கடைக்குள் ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும். மேலே தகரமும் பிளாஸ்டிக் விரிப்பும் மூடியிருப்பதால் காற்று நகரவே இல்லை. காலராவுக்கு அஞ்சிய நகரங்கள் குழாய்நீரையும் புதைசாக்கடையையும் கட்டின. காற்றில் பரவிய நோயைக் கண்ட நாம் என்ன கட்டினோம்? தண்ணீருக்கு ஒரு வாரியம் இருக்கிறது, சாக்கடைக்கு ஒரு பிரிவு இருக்கிறது. பொதுக்கட்டடத்துக்குள் இருக்கும் காற்று எந்த அலுவலகத்தின் கோப்பில் வருகிறது என்று கேட்டால் பதில் இல்லை. என் ஆதங்கம் இவ்வளவுதான். மற்றவர்கள் கண்டதை எழுத வேண்டுகிறேன்.

முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குப் புதுச்சேரியிலேயே சான்று உண்டு. பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அது தண்ணீருக்காக எழுப்பிய நினைவுச்சின்னம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரப்பட்டபோது கட்டியது அது. தன் மாளிகையை இடித்துவிட்டுக் குளம் வெட்டிய ஆயி என்ற கணிகையின் கதை அதற்கும் பழையது. கடலோர மணற்பாங்கில் கிணற்றுநீரும் கழிவுநீரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில் இருந்திருக்கும் என்பதை எண்ணினால், வெளியிலிருந்து நீர் வந்ததன் பொருள் புரியும்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியில்தான் நான் சற்று மாறுபடுகிறேன். எதுவும் மிஞ்சவில்லை என்று சொல்ல முடியாது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளை விடாத வழக்கம் பெருந்தொற்றுக்கு முன்பே இருந்தது. ஆனால் அதன் அருமை எங்களுக்கு உறைத்தது அப்போதுதான். முதல் ஊரடங்கில் அதையும் மூடினார்கள். திறந்தபின் வீட்டுக்குள் அடைந்து கிடந்த முதியவர்கள் அங்கே ஓரளவு அச்சமின்றி நடந்தார்கள். வண்டி இல்லாத ஒரு தெரு நோய்க்காலத்தில் எவ்வளவு பெரிய சொத்து என்று கண்ட பிறகும் இன்னொரு தெருவுக்கு அதை நீட்டவில்லை என்பது உண்மைதான்.

வெங்காய மண்டி எழுதியது:

நான் படித்தவரைப் போல எழுத மாட்டேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் காய்கறி வியாபாரம் செய்கிறது. மூத்தவர் படத்தில் பார்த்த வட்டங்களுக்குள் மக்கள் நின்றார்கள். வெயிலில் நின்றது நாங்கள். பேருந்து நிலையத்தின் கூரைக்கு அடியில் இடம் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். வெட்டவெளியில் விழுந்தவர்களின் கீரை, கொத்தமல்லியெல்லாம் காலை 10 மணிக்குத் துவண்டுவிடும். இரவில் சரக்கை வைத்துப் பூட்ட அறை கிடையாது. அப்பாவும் நானும் மூட்டைகளின் மேல் மாறி மாறிப் படுத்தோம். பெண் வியாபாரிகளுக்குக் கழிப்பறைதான் பெரும் துன்பம். குடிக்காமல் இருந்தே நாளைக் கழித்த அத்தைமார்களை எனக்குத் தெரியும்.

திறந்தவெளிச் சந்தையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும். திருமழிசையிலும் மழை பெய்தபோது சேறுதான். அங்கிருந்த எங்கள் உறவினர்கள் செப்டம்பர் 28ஆம் தேதி கோயம்பேடு மீண்டும் திறந்த அன்று கற்பூரம் ஏற்றினார்கள்.

நகரமைப்பு மாணவி எழுதியது:

வெங்காய மண்டி அண்ணன் எழுதியது இந்த விவாதத்துக்கு மிகவும் தேவையான திருத்தம். நோயைக் காரணம் காட்டி நகரை மாற்றியமைத்தபோது அந்தச் செலவை யார் சுமந்தார்கள் என்பது எங்கள் பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. மறு ஆண்டு கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. 2020இல் அரசுகள் கையில் எடுத்தது அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை உருவாயிற்று. நெரிசலான குடியிருப்புகளை இடித்துக் கடற்காற்று உள்ளே புகும்படி அகலமான சாலைகளை வெட்டுவதும், வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளில் புதுக் குடியிருப்புகளை ஏற்படுத்துவதும் அதன் திட்டம். சாலைகள் வந்தன, ஆனால் தொடக்க ஆண்டுகளில் அந்த அமைப்பு இடித்த குடியிருப்புகளுக்கு ஈடாகக் கட்டித் தரவில்லை. இடிபட்ட வீடுகளில் இருந்த கூலிக்காரர்கள் வேலையை விட்டுத் தொலைவில் போக முடியாமல் அடுத்த தெருவின் வீடுகளில் இன்னும் நெருக்கமாக அடைந்தார்கள். நெரிசலைக் குறைக்க எடுத்த நடவடிக்கை நெரிசலைப் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளியது.

பெங்களூரில் 1898இல் பிளேக் வந்தபின் பசவனகுடியும் மல்லேசுவரமும் வேகமாக வளர்ந்தன. அகலமான தெரு, தனித்தனி மனை, வீட்டின் பின்புறம் துப்புரவுச் சந்து. பார்க்க அழகான அமைப்புதான். அந்தச் சந்து யார் நடப்பதற்காக வரையப்பட்டது, அவர்களுக்கு அந்தக் குடியிருப்பில் மனை இருந்ததா என்பதையும் வரைபடத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டும்.

இதற்கு மாற்றான குரல் நம் மாகாணத்திலேயே ஒலித்தது. பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1914இல் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னையின் மேல் குண்டு வீசிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. (நம் பாட்டிமார் குறும்புக்காரப் பிள்ளைகளை 'எம்டன்' என்று திட்டுவதன் காரணகர்த்தா நகரமைப்பு வரலாற்றிலும் இருக்கிறான்!) மீண்டும் பொருள்களைத் திரட்டி 1915 ஜனவரியில் சென்னையில் அவர் கண்காட்சி நடத்தினார், பின்னர் இந்த மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். பழைய ஊரின் நடுவே நேர்க்கோட்டில் அகலச் சாலை வெட்டுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். மோசமான ஓரிரு வீடுகளை மட்டும் நீக்கி, அங்கே ஒரு மரமும் சிறு வெளியும் வைத்து, மற்றவற்றைப் பழுதுபார்த்துக் காப்பதே மலிவானது, மக்களுக்கும் உகந்தது என்பது அவருடைய முறை. சென்னை மாகாணத்தின் நகரமைப்புச் சட்டம் 1920இல் வந்தது.

ஆகவே, இடித்துக் கட்டும் திட்டம் பேசப்பட்ட பெரிய மார்க்கெட்டை என்ன செய்வது என்ற கேள்விக்கு, முழுவதும் இடிப்பதற்கும் அப்படியே விடுவதற்கும் நடுவே ஒரு வழி 100 ஆண்டுகளுக்கு முன்பே பேசப்பட்டிருக்கிறது.

லாஸ்பேட்டை எழுதியது:

எனக்கு ஒரு ஐயம். நெருக்கமாக மக்கள் வாழும் நகரமே தவறு, பரவலாக வீடு கட்ட வேண்டும் என்று 2020இல் நிறையப் பேர் எழுதினார்கள். என் அலுவலக நண்பர்கள் சிலர் அப்போதுதான் ஊருக்கு வெளியே மனை வாங்கினார்கள். அது சரியான பாடமா?

நகரமைப்பு மாணவி எழுதியது:

இல்லை என்றே நினைக்கிறேன். ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. ஓர் அறையில் எத்தனை பேர் தூங்குகிறார்கள், ஒரு கழிப்பறையை எத்தனை குடும்பங்கள் பகிர்கின்றன என்பது வேறு கணக்கு. இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த தாராவியில் பல இலட்சம் பேர் வாழ்கிறார்கள். அங்கே முதல் அலை அஞ்சிய அளவுக்கு எரியாமல் தணிக்கப்பட்டது. வீடுவீடாகச் சென்று காய்ச்சல் பார்த்ததும், பள்ளிகளையும் மண்டபங்களையும் தனிமைப்படுத்தும் இடங்களாக மாற்றியதும், பொதுக்கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கிருமிநீக்கம் செய்ததும் அதற்கு உதவின. வீட்டுக்குள் தனிமைப்பட இடமில்லாதவர்களுக்கு வீட்டுக்கு வெளியே இடம் கொடுத்தார்கள் என்பதுதான் அதன் சாரம். ஊரைப் பரப்பிக் கட்டினால் மருத்துவமனையும் கடையும் பேருந்தும் தொலைவாகின்றன. ஊரடங்கில் நடந்து போகும் தொலைவில் மளிகைக்கடை இருந்தவர்களே நிம்மதியாக இருந்தார்கள்.

முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

நெருக்கமாக இருந்துகொண்டே காற்றோட்டமாக வாழும் கலை புதுச்சேரியின் தமிழ்ப் பகுதி வீடுகளில் இருந்தது. வைசியாள் வீதியைப் பாருங்கள். வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டியவை. பக்கவாட்டில் ஒரு விரற்கடை இடைவெளியும் கிடையாது. ஆனாலும் நடுவே முற்றம், முன்னே திண்ணை, திண்ணைக்கும் முன்னே தெருவை ஒட்டித் தூண்களோடு தாழ்வாரம். முற்றத்தின் வழியே சூடான காற்று மேலேறிப் போக, தெருப்பக்கமிருந்து புதிய காற்று உள்ளே வரும். விருந்தாளி, பால்காரர், வழிப்போக்கர் எல்லோரையும் வீட்டுக்குள் விடாமலே உட்காரவைத்துப் பேச முடியும். 2020இல் நாம் வாசலில் நாற்காலி போட்டுச் செய்த வேலையைத் திண்ணை பல தலைமுறைகளாகச் செய்துவந்தது.

திண்ணையைப் புகழும்போது எனக்கே ஒரு நெருடல் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுவரை மட்டும் வரலாம், உள்ளே வரக்கூடாது என்று சிலரை நிறுத்திய இடமும் அதுதான். கட்டட அமைப்பை எடுத்துக்கொள்ளலாம், அதனோடு வந்த வழக்கத்தை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. இப்போது அந்தத் திண்ணைகளில் பாதியைக் கம்பிக்கதவு போட்டு இருசக்கர வண்டி நிறுத்துகிறோம். முற்றத்தை மூடிக் குளிரூட்டி மாட்டியிருக்கிறோம்.

மஞ்சக்குப்பத்தார் எழுதியது:

சாளரத்தைப் பற்றி ஒரு கணக்கு. தேசியக் கட்டட நெறிமுறை, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் வாழறையின் சாளரத் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு. கடலூரும் புதுச்சேரியும் முதல் வகை. 10க்கு 12 அடி அறைக்கு 20 சதுர அடித் திறப்பு வேண்டும். என் வீட்டின் படுக்கையறையை அளந்தேன். 12 சதுர அடிதான் இருந்தது. அதிலும் பாதி நகராத கண்ணாடி. 1994இல் நானே நின்று கட்டிய வீடு என்பதால் யாரையும் குறை சொல்ல வழியில்லை.

தேவனாம்பட்டினம் எழுதியது:

இந்த விவாதத்தில் புயல் வராதது வியப்பாக இருக்கிறது. நம் கடற்கரையில் நோய் தனியாக வருவதில்லை. 2020 நவம்பர் 25ஆம் தேதி இரவு நிவர் புயல் மரக்காணம் அருகே கரையைக் கடந்தபோது பெருந்தொற்று அடங்கியிருக்கவில்லை. ஆறு மாதமாக 'வீட்டை விட்டு வெளியே வராதீர்கள், கூட்டம் சேராதீர்கள்' என்று ஒலிபெருக்கியில் சொன்னவர்களே அன்று 'வீட்டை விட்டு வெளியேறுங்கள், முகாமுக்கு வாருங்கள்' என்று சொன்னார்கள். இரண்டுமே சரியான அறிவுரை. இரண்டையும் ஒரே நாளில் கடைப்பிடிக்கத்தான் கட்டடம் இல்லை.

நாங்கள் தங்கியது ஒரு பள்ளிக்கூடம். மழைச்சாரல் அடிக்கிறது என்று சன்னல்களை எல்லாம் சாத்தினார்கள். முகக்கவசம் கொடுத்தார்கள், வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மின்சாரம் போனபின் சாத்திய வகுப்பறைக்குள் அத்தனை குடும்பங்களும் ஒரே காற்றைத்தான் சுவாசித்தோம். என் மாமியாருக்கு மூச்சுத்திணறல் உண்டு. அவரை விடியும்வரை வராந்தாவில், சாரல் படாத மூலையில் உட்காரவைத்து நான் பக்கத்தில் இருந்தேன்.

2004 சுனாமிக்குப்பின் எங்கள் பகுதியின் அமைப்பே மாறியது. கரையிலிருந்து தள்ளிப் புது வீடுகள் வந்தன; புயல் பாதுகாப்பு மையங்களும் பல இடங்களில் எழுந்தன. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபின் காங்கிரீட் கூரையைப் பற்றிப் பேசினார்கள். அலைக்கும் காற்றடிக்கும் பதில் சொன்ன ஊர் இது. நோய் மட்டும் சுவரை இடிக்காமல் போனதால், கட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள் போலும். அடுத்த பாதுகாப்பு மையத்தைக் கட்டும்போது, ஒரே பெரிய கூடத்துக்குப் பதிலாகச் சாரல் தடுக்கும் சரிவுப்பலகைச் சாளரங்களோடு சிறு சிறு கூடங்களாகக் கட்டினால் என்ன? காய்ச்சல் உள்ளவர்களுக்குத் தனி வாசலும் தனிக் கழிப்பறையும் உள்ள இரண்டு அறைகள் போதும். சாதாரண நாளில் அவற்றில் அங்கன்வாடியோ வலை பின்னும் இடமோ நடத்தலாம்.

பாகூர்ப் பக்கம் எழுதியது:

எல்லையைப் பற்றி ஒரு சொல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கம் வயலுக்கு வயல் மாநிலம் மாறும். வீடு ஓரிடம், நிலம் ஓரிடம் என்று வாழ்கிறவர்கள் நாங்கள். 2020இல் அந்த எல்லையில் தடுப்புக்கட்டை வைத்தபோதுதான் நாங்கள் இரண்டு அரசின் மக்கள் என்பதே நினைவுக்கு வந்தது. ஜிப்மருக்குப் போகும் கடலூர், விழுப்புரம் மாவட்ட நோயாளிகள் சாலையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றார்கள். டயாலிசிஸுக்குப் போன எங்கள் உறவினர் ஒருவரை, கையில் மருத்துவச்சீட்டு இருந்தும், முக்கால் மணிநேரம் நிறுத்தினார்கள்.

சாராய விலைக்கு மட்டும் இரண்டு அரசும் ஒரே கணக்கில் வந்துவிட்டன: மே 25ஆம் தேதி புதுச்சேரியில் மதுக்கடை திறந்தபோது, வெளியிலிருந்து கூட்டம் வரக்கூடாது என்று சிறப்பு வரி போட்டு விலையைத் தமிழ்நாட்டுக்கு இணையாக ஏற்றினார்கள். அதே அக்கறையில் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பொது அனுமதி அட்டை அச்சடித்திருக்கலாம். நகரத் திட்டம் என்று நீங்கள் பேசுவதெல்லாம் அவரவர் எல்லைக்கோட்டில் முடிந்துவிடுகிறது. நோயாளி அந்தக் கோட்டில் முடிவதில்லை.

மஞ்சக்குப்பத்தார் எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். எதுவும் மிஞ்சவில்லை என்பதுபோல் 'நாம் என்ன கட்டினோம்?' என்று நான் கேட்டது அவசரச் சொல். நடைபாதை வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் தொடங்கிய 10,000 ரூபாய்க் கடன் திட்டத்தை நான் மறந்துவிட்டேன். கடனுக்காகவாவது வியாபாரிகளின் பெயர்களைப் பட்டியலில் ஏற்றினார்கள். 2014ஆம் ஆண்டு நடைபாதை வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சந்தையை எங்கே, எப்படி நடத்துவது என்பதை அந்தக் குழுவில் வைத்துப் பேசியிருந்தால், வெங்காய மண்டித் தம்பி சொன்ன கழிப்பறையும் நிழலும் முதல் நாளே பட்டியலில் ஏறியிருக்கும்.

பெரிய மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்தை வியாபாரிகள் எதிர்த்தபோது, முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்று நானும் எண்ணியவன்தான். ஒருமுறை இடம் மாறிப் பட்டவர்களின் அச்சம் அது என்று இப்போது தோன்றுகிறது. தம்பி, இடிக்காமல் உள்ளே காற்று வர நீங்கள் எதைச் செய்வீர்கள்?

வெங்காய மண்டி எழுதியது:

ஐயா, யாரும் எங்களிடம் இதைக் கேட்டதில்லை என்பதால் அப்பாவிடம் கேட்டு எழுதுகிறேன். முதலாவது, சந்துக்கு மேலே நாங்களே கட்டிய விரிப்புகள். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சிக் கட்டினோம். ஒவ்வொருவரும் தன் கடை உயரத்துக்குக் கட்டியதால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடிக்கொண்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நல்ல உயரத்தில், இரு பக்கமும் திறந்த ஒரே கூரையாகப் போட்டுக் கொடுத்தால் நாங்கள் விரிப்பைக் கட்ட மாட்டோம். இரண்டாவது, சரக்கு இறக்குவதும் சில்லறை விற்பதும் ஒரே சந்தில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இறக்குவதை விடியற்காலை 5 மணிக்குள் முடிக்க வேண்டும் என்று விதி வைத்தால், வண்டி நிற்க வெளியே இடமும் வேண்டும். மூன்றாவது, மீன் பகுதிக்குத் தண்ணீரும் வடிகாலும் சரியாக இருந்தால் அவர்கள் நடைவழியில் பெட்டியை வைக்க மாட்டார்கள்.

கடைசியாக, யாருக்கும் கடை போகக் கூடாது. ஓரிரு கடைகளை எடுத்தால்தான் காற்று வரும் என்றால், எடுக்கும் கடைக்கு அதே மார்க்கெட்டுக்குள் இடம் கொடுத்துவிட்டு எடுக்கட்டும்.

நகரமைப்பு மாணவி எழுதியது:

அண்ணன், கெடிஸ் எழுதியதற்கும் உங்கள் அப்பா சொன்னதற்கும் அதிக வேறுபாடு இல்லை. சந்துகளின் அகலத்தையும் கூரை உயரத்தையும் அளந்து ஒரு வரைபடம் செய்தால், இந்த இழையில் பேசியதை மனுவாகக் கொடுக்க முடியும். எங்கள் வகுப்பில் நான்கு பேர் வரத் தயாராக இருக்கிறோம். எந்த நேரத்தில் வந்தால் வியாபாரத்துக்கு இடையூறு இருக்காது?

வெங்காய மண்டி எழுதியது:

விடியற்காலை மூன்றரை மணிக்கு, முதல் வண்டி வருவதற்கு முன் வாருங்கள். ஏழு மணிக்கு வந்தால் சந்துகளை அளக்க முடியாது, கூடைகளைத்தான் அளப்பீர்கள். நேரு வீதிப் பக்க வாசலில் அப்பா இருப்பார். அளவுநாடா நீங்கள் கொண்டுவாருங்கள். ஏணி எங்களிடம் இருக்கிறது.